மொய்ப் புள்ளி

கதிரவன் சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போனான் இல்லையா, போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன். அவனுக்கு என்னதான் கஷ்டம், அதைச் சொல்லாமல் ஏன் இழுத்தடிக்கிறீர்கள் என்று நாலைந்து பேர் கார்டு போட்டுக் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் நியாயம்தான். இந்த வாரம் இழுக்கவில்லை.

இன்றுதான் படிக்க உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. நெரவியில் திருஞானசம்பந்தம் வீடு. அவர் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நீலாயதாட்சி. மகன் கதிரவன் திருநள்ளாற்றில் உத்திராபதியின் லாட்ஜில் மேனேஜர். மகள் சுகிர்தா காரைக்காலில் நாகூர் மீரான் பாயின் ப்ரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்கிறாள்.

அப்பா நாயாய் அலைந்து வாங்கித் தந்த கூட்டுறவு சங்க வேலையை உதறிவிட்டு கதிரவன் லாட்ஜுக்குப் போனான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேச்சு கிடையாது. 'அவன்கிட்ட சொல்லு', 'அவர்கிட்ட சொல்லும்மா' என்று நடுவில் நீலாயதாட்சி தபால் பட்டுவாடா செய்துகொண்டிருக்கிறாள்.

இப்போது கதைக்கு வருவோம்.

சனிப்பெயர்ச்சிக்கு முந்தின சனிக்கிழமை. திருநள்ளாற்றில் கால் வைக்க இடமில்லை. சுகிர்தா இட்லியை விண்டு வாயில் வைக்கும்போது கதிரவன் போன் பண்ணினான். இன்னொரு குடும்பம் வந்து நிற்கிறது என்றான். கரூரில் இருந்து வந்திருக்கிறார்களாம். ரூம் போட்டாச்சு, முன்பணம் கட்டியாச்சு என்கிறார்களாம். லாட்ஜிலோ அவர்கள் பேரில் எந்த ரூமும் இல்லை.

அந்த வாரத்தில் இப்படி ஏமாந்து வந்த மூன்றாவது குடும்பம் அது. எல்லாருக்கும் வழிகாட்டினது ஒரே அறிவிப்பு. 'சனிப்பெயர்ச்சிக்கு வரும் அன்பர்களே, உத்திராபதி லாட்ஜில் அறைகள் உண்டு, இந்த எண்ணை அழைக்கவும்' என்று ஒரு செல்போன் நம்பர். லாட்ஜ் பேர் நிஜம். நம்பர் மட்டும் எவனோ ஒரு களவாணியுடையது. கூப்பிட்டால் தேனாய்ப் பேசுகிறானாம். பஸ் ஸ்டாண்டிலேயே ஆளை விட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். அப்புறம் போனை அணைத்துவிடுகிறான்.

அறிவிப்பு எங்கே இருந்தது தெரியுமா? சுகிர்தா நடத்துகிற அரசலாறு மன்றத்தில்.

"பாப்பா, முதலாளி கடைசியா சொல்லிட்டாரு," என்றான் கதிரவன். "விளக்கு வைக்கிறதுக்குள்ள அந்த விளம்பரம் போயிடணுமாம். போய்ட்டுத் திரும்பி வரவும் கூடாதாம். வந்துச்சுன்னா சாவிக்கொத்தை வச்சிட்டு வீட்டுக்குப் போன்னுட்டாரு."

உத்திராபதி கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் அர்த்தம் இருந்தது. எந்த மாடியில் எத்தனை கட்டில், எந்த ரூமில் வெந்நீர் வரும் என்பது வரைக்கும் அறிவிப்பில் சரியாகப் போட்டிருக்கிறதே, உள்ளாள் இல்லாமல் அது எப்படி நடக்கும் என்று கேட்டார். மேனேஜரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கதிரவன் சாப்பாட்டில் இருந்து எழுந்ததற்கு அதுதான் காரணம்.

நம்ம அண்ணன் அப்படிச் செய்வானா என்று சுகிர்தாவுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நாள் தங்கிப் போனவனுக்குக்கூட இதெல்லாம் தெரியுமே என்று அவள் போனிலேயே அண்ணனுக்காகச் சண்டை போட்டாள். சண்டை போட்டு என்ன, அறிவிப்பு அவள் வீட்டுக் கூடத்தில் அல்லவா ஒட்டியிருக்கிறது.

*

மன்றம் என்றால் கட்டிடம் இல்லை. இன்டர்நெட்டில் இருக்கிற மன்றம். காரைக்கால்காரர்கள் உள்ளூரில் இருந்தும், துபாய், சிங்கப்பூர், பாரீஸ் என்று பிழைக்கப் போன இடங்களில் இருந்தும் அதில் எழுதுவார்கள். கோயில் தேர் ஓடியதில் இருந்து கடற்கரையில் மின்விளக்கு எரியாதது வரைக்கும் பேச்சு நடக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகிர்தா விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது ஆயிரத்துச் சொச்சம் பேர்.

கூட்டம் சேர்ந்தால் ஈ மொய்க்காமல் இருக்குமா. 'வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம்', 'உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது', 'பாதி விலையில் வாட்ச்' என்று குப்பை வந்து கொட்டியது. சுகிர்தா காலையில் பெருக்கினால் மதியத்துக்குள் மறுபடி குவிந்தது.

அப்போதுதான் அவள் புள்ளி முறையைக் கொண்டுவந்தாள். எழுதினது உருப்படியாக இருந்தால் படிக்கிறவர் ஒரு புள்ளி போடலாம். நூறு புள்ளி சேர்ந்தவர் 'மன்றத் தூண்'. தூண்கள் எழுதுவது உடனே வெளியாகும். புதுசாக வருகிறவன் எழுதுவது சுகிர்தா படித்துப் பார்த்த பிறகுதான் வெளியாகும். நல்லவர்களை ஊரே அடையாளம் காட்டட்டும், குப்பைக்காரன் வாசலோடு நிற்கட்டும் என்பது கணக்கு.

ஆறு மாதம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் 'அடியார்க்கடியான்' என்ற பேரில் ஒருத்தன் தூண் ஆனான். லாட்ஜ் அறிவிப்பு அவன் கைங்கரியம். சுகிர்தா அவனை வெளியே தள்ளினால் 'நளன்தாசன்' என்ற தூண் அதே அறிவிப்பைப் போடுகிறது. அதைத் தள்ளினால் 'எள்தீபம்' என்று இன்னொரு தூண். எல்லாம் ஒருத்தனே வளர்த்துவிட்டது. இன்னும் எத்தனை நட்டு வைத்திருக்கிறானோ, அந்தச் சனீஸ்வரனுக்கே வெளிச்சம்.

மன்றத்திலேயே பெரிய தூண் யார் என்று கேட்கவில்லையே நீங்கள்? நம்ம திருஞானசம்பந்தம்தான்.

ஓய்வு பெற்றதும் மனுஷன் ஒரு வருடம் ஈஸிசேரில் சுருண்டு கிடந்தார். ஆபீசில் 'சார், சார்' என்று சுற்றி வந்தவர்கள் தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். சுகிர்தாதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி, தமிழில் தட்டச் சொல்லிக்கொடுத்து மன்றத்தில் சேர்த்துவிட்டாள். தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ படத்தோடு 'இனிய காலை வணக்கம்' என்று போடுவார். முப்பது நாற்பது புள்ளி விழும். பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டார். முகத்தில் களை திரும்பிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில் ஒரு திருமண மண்டபத்தில் மன்றத்துக்காரர்கள் கூடுவதாக ஏற்பாடு. அதிகப் புள்ளி வாங்கியவருக்குப் பொன்னாடை. அவர் நாகப்பட்டினத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டார். வேட்டி கஞ்சி போட்டுக் கொடியில் காய்கிறது.

*

சுகிர்தா சென்டருக்குப் போகாமல் நேரே திருநள்ளாற்றுக்குப் பஸ் ஏறினாள்.

லாட்ஜ் வரவேற்பில் அந்தக் கரூர்க் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. புருஷன், பெண்டாட்டி, சின்னதாய் இரண்டு பெண் குழந்தைகள். ரூம்தான் இருக்கிறதே என்று எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள். துணி மாற்ற இடமில்லை. ஈரத்தோடு, அதுவும் அத்தனை ஆண்பிள்ளைகள் போகிற வருகிற இடத்தில், அந்த அம்மாள் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கி நின்றாள். சின்னவளுக்குப் பல் கிட்டியது.

கதிரவன் தன்னுடைய ரூம் சாவியை எடுத்து அவர்களிடம் கொடுத்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். உத்திராபதி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

உடை மாற்றிக்கொண்டு வந்த அம்மாளிடம் சுகிர்தா மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். முன்னே பின்னே தெரியாத நம்பரை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டாள். அந்த அம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நாங்க ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு வரலீங்க. அந்த ஆளு பேருக்குக் கீழ மன்றத் தூணுன்னு போட்டிருந்துச்சு. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அவருக்குப் புள்ளி குடுத்திருந்தாங்க. வேளாண்மைத் துறையில இருந்து ரிட்டயரான ஒருத்தர்கூட, 'அன்பர் நற்பண்பாளர்'னு எழுதியிருந்தாரு. அவரும் திருடருன்னா சொல்றீங்க?"

சுகிர்தா இல்லை என்று தலையாட்டினாள். அந்த ரிட்டயரான ஒருத்தர் என் அப்பா என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. தூண் என்று பட்டம் கட்டினதும் நான்தான் என்று எப்படிச் சொல்வாள். காது இரண்டும் சூடேறிப் போய் பஸ்ஸுக்கு நடந்தாள்.

*

சென்டரில் மதியக் கூட்டம் குறைந்ததும் அவள் அடியார்க்கடியானைத் துருவ உட்கார்ந்தாள்.

ஒரு வருடமாக இருக்கிறான். உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை. ஆனால் யாருக்குப் பேரன் பிறந்தாலும், யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் முதல் ஆளாக வந்து 'அருமை ஐயா', 'வாழ்க வளமுடன் அம்மா' என்று எழுதி ஒரு புள்ளி போட்டிருக்கிறான். அப்பாவுடைய ரோஜாப்பூ ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

இன்னொரு பக்கம் கிளிஞ்சல்மேட்டில் இருந்து தமிழரசி என்று ஒரு மீனவப் பெண் எழுதியிருந்தாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் குடிதண்ணீர் எந்தத் தெருவில் உப்பாக வருகிறது, எதில் நல்லதாக வருகிறது, யாரிடம் மனு கொடுத்தால் நடக்கும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினது. பொன்னான விஷயம். நாலே நாலு புள்ளி. அது அடியாழத்தில் கிடந்தது. தமிழரசி யாருக்கும் புள்ளி போட்டுச் சுற்றவில்லை, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

சுகிர்தாவுக்கு மண்டை காய்ந்தது. இவனுக்கு எப்படி இத்தனை பேர் புள்ளி போட்டார்கள்? வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவையே கேட்டாள். அடியார்க்கடியான் எழுதின எதைப் படித்து அவருக்குப் புள்ளி போட்டீர்கள் என்றாள்.

"எழுதினதைப் படிக்கிறதா?" என்றார் அப்பா, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "அவரு எனக்கு வச்சிருக்காரும்மா. நான் திருப்பி வைக்கலைன்னா என்ன மரியாதை? எடுத்துத் தின்னுட்டு ஏப்பம் விட்டான்னுல்ல பேசுவாங்க."

'வச்சிருக்காரு.' 'திருப்பி வைக்கலைன்னா.' புள்ளி 'போடுவது' என்றுதான் சுகிர்தா மன்றத்தில் எழுதியிருந்தாள். அப்பா அதை 'வைக்கிறது' ஆக்கிவிட்டார். கல்யாண வீட்டு வாசலில் பித்தளைத் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருப்பார்களே, அங்கே வைப்பதற்குத்தான் அந்தச் சொல்.

இவள் தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். ஊர் அதை மொய் என்று எடுத்துக்கொண்டது. மொய் வைக்கிறவன் கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது என்றா வைக்கிறான்? நமக்கு அவர்கள் செய்தார்கள், நாம் அவர்களுக்குச் செய்யவேண்டும். செய்முறை விட்டுப்போனால் உறவே விட்டுப்போகும். துபாயில் இருந்தாலும் பாரீஸில் இருந்தாலும் அந்தப் பயம் எல்லாருக்கும் ஒன்றுதான். அடியார்க்கடியான் ஒரு வருடமாக ஊர் முழுக்க மொய் வைத்தான். ஊரே வட்டி குறையாமல் திருப்பி வைத்துவிட்டது.

படித்த கழுதை, இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லையே என்று சுகிர்தா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நோய் தெரிந்தால் மருந்து கஷ்டமில்லை. நீ எனக்குப் போட்டு நான் உனக்குப் போட்டிருந்தால் இரண்டும் செல்லாது. ஒரு பக்கமாக விழுந்தது மட்டும் நிற்கும். மன்றம் முழுக்க அப்படி மாற்றிவிட்டால் அவன் நட்ட அத்தனை தூணும் ஒரே நேரத்தில் சாயும். அப்புறம் அவன் என்ன எழுதினாலும் சுகிர்தா கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். மாற்றுவதற்கான வேலையை அவள் அங்கேயே முடித்து வைத்துவிட்டாள். ஒரு பட்டனை அமுக்குவதுதான் பாக்கி.

ஆனால் அமுக்கினால் அப்பாவும் சாய்வார். அதுவும் பொன்னாடைக்கு முந்தின நாள்.

அவளே முதலாளி, கேட்காமலே அமுக்கியிருக்கலாம். அவளால் முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

*

திருஞானசம்பந்தம் கூடத்தில் உட்கார்ந்து நாளைக்குப் பேசவேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சுகிர்தா ஒரு வழியாக எல்லாவற்றையும் சொன்னாள். கரூர் அம்மாள் ஈரத்துணியோடு நின்றதைச் சொன்னாள். அவர் எழுதின 'நற்பண்பாளர்' என்ற வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் முதலில் நம்பவில்லை. அந்த மனுஷன் என் அறுபதாம் கல்யாணத்துக்கு வெண்பா எழுதி அனுப்பினாரே, அவரா திருடர் என்றார். அப்புறம் ஒருத்தன் திருடன் என்றால் அவனைத் தூக்கு, மற்றவர்களை எதற்குத் தண்டிக்கிறாய் என்றார். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், மன்றமே கலைந்துவிடும் என்று பயம் காட்டினார். எல்லாம் நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் கண் கொடியில் காய்ந்த வேட்டி மேலேயே இருந்தது.

கடைசியில் உள்ளதைச் சொன்னார்.

"வச்ச மொய்யைச் செல்லாதுங்கிறது ஊரையே அவமானப்படுத்துறது சுகிர்தா. நாளைக்குப் பொன்னாடைன்னு சொல்லி எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். இன்னிக்கு என்னை உரிச்சு நிறுத்தப் போறியா?"

பதில் சொன்னது நீலாயதாட்சி. அதுவரை அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். அங்கே ஒருத்தன் திருட்டுப் பட்டத்தோடு நிற்கிறான் என்று சொன்னாள். விளக்கு வைக்க நேரமாகிவிட்டது என்றும் சொன்னாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை, அன்றும் போடவில்லை.

"உங்களுக்குப் புள்ளி போனா போகுதுங்க. நமக்குப் புள்ள இருக்கணும்."

திருஞானசம்பந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"அவன் என்கிட்ட கேட்கச் சொன்னானா?" என்றார்.

"இல்லப்பா. உங்களுக்குப் புள்ளி போகும்னு அண்ணனுக்குத் தெரியவே தெரியாது."

அதுதான் அவரை அசைத்திருக்கவேண்டும். மகன் கேட்டிருந்தால் ரோஷம் வந்து மறுத்திருப்பார். இந்த வீட்டு ஆண்பிள்ளைகளின் லட்சணம் அது. எழுந்து கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துணியைத் தானே எடுத்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அமுக்கு," என்றார்.

சுகிர்தா அமுக்கினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பக்கம் மறுபடி திறந்தபோது அடியார்க்கடியான் பேருக்குக் கீழே பூஜ்யம். நளன்தாசன் பூஜ்யம். எள்தீபம் பூஜ்யம். அவள் அதுவரைக்கும் சந்தேகப்படாத இன்னும் ஏழெட்டுப் பேரும் அதே வரிசையில் படுத்திருந்தார்கள். அவர்களை எல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். லாட்ஜ் அறிவிப்பை அழித்தாள். சும்மா இருந்து பார்த்தார்கள். திரும்ப வரவில்லை. புதுப் பேரில் ஒருத்தன் அதே அறிவிப்பைப் போட முயன்றது தெரிந்தது. அது அவள் பார்வைக்கு வந்து வாசலிலேயே நின்றுவிட்டது.

மன்றத்தின் முதல் பக்கத்தில் தமிழரசியின் குடிதண்ணீர் விஷயம் ஏறி வந்து உட்கார்ந்திருந்தது. நாலு புள்ளிதான். ஆனால் நாலும் சுத்தமான புள்ளி.

திருஞானசம்பந்தம் அதைப் பார்க்கவில்லை. தன் பேருக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று என்று இருந்தது. பத்தாயிரத்துச் சொச்சத்தில் மிஞ்சினது அதுதான். இதுக்கு முட்டையே போட்டிருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தது கேட்டது.

"எங்கே விழுந்ததுன்னு பாருங்கப்பா," என்று சுகிர்தா திறந்து காட்டினாள்.

பதினொன்றும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு வந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள், முதலில் வரப்பில் புல்லைச் செதுக்குங்கள், உரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று அவர் எப்போதோ எழுதிப் போட்டது. போட்டவர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. கீழே தங்கையன் என்று ஒருத்தர், 'நீங்க சொன்னபடி செஞ்சேன், பாதி வயல் பிழைச்சுது' என்று எழுதியிருந்தார். அவருக்கு இவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ரோஜாப்பூவுக்கு வந்த கூட்டத்தில் அது கண்ணில் படவே இல்லை.

அவர் அதை இரண்டு தரம் படித்தார். முகம் இன்னும் சுருங்கித்தான் இருந்தது. இது ஆறுதல் ஆகிவிடுமா, நாளைக்கு நாகப்பட்டினத்தார் வந்து மண்டபத்தில் உட்காருவார்களே. எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடு என்று மனைவியிடம் சொன்னார். அந்தப் பொய்யை நீங்களே சொல்லுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்று நீலாயதாட்சி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

*

சுகிர்தா கொல்லை மாமரத்தடிக்குப் போய் லாட்ஜுக்குப் போன் பண்ணினாள்.

கதிரவன் விஷயத்தைக் கேட்டு நீளமாக மூச்சு விட்டான். முதலாளியும் பார்த்துவிட்டாராம். சாவிக்கொத்தைத் திருப்பி அவன் பக்கமே தள்ளிவிட்டாராம். பெயர்ச்சி முடிகிற வரைக்கும் பார்ப்போம் என்றிருக்கிறார், அது அவர் பாஷையில் மன்னிப்பு. சுகிர்தாவுக்கு மனசு லேசானது. அப்பா புள்ளியை விட்டுக்கொடுத்த கதையை அவள் சொல்லி முடித்தாள்.

"அப்பாவா? எனக்காகவா?" என்றான்.

"பின்னே யாருக்காக."

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். அப்புறம் வேறு குரலில் கேட்டான்.

"பாப்பா, அந்த ஆளு கணக்கை மூடிட்டே இல்ல. அவன் மத்தவங்களுக்கு அனுப்பின தனி மடல் எல்லாம் சேந்தே அழிஞ்சிடுமா?"

சென்டரில் தினமும் பத்துப் பேர் இப்படி ஏதாவது கேட்பார்கள். அதே பழக்கத்தில் அவள் பதில் சொன்னாள்.

"அழியாதுண்ணே. வாங்கினவங்க பெட்டியில அப்படியே இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தனி மடல் என்பது மன்றத்தில் சேர்ந்த இரண்டு பேருக்குள் போய் வருகிற கடுதாசி. கதிரவன் மன்றத்தில் சேரவே இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நீயும் சேரேன் என்று அவள் கெஞ்சினபோதெல்லாம் எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை என்றவன் அவன்.

"உனக்கு எதுக்குண்ணே அது?"

லாட்ஜ் வரவேற்பில் யாரோ சாவி கேட்கிற சத்தம் வந்தது. குழந்தை ஒன்று அழுதது.

"அண்ணே, உன்னைத்தான் கேட்கிறேன். அந்த ஆளு உனக்கு என்ன எழுதினான்?"

"ஆள் வந்திருக்காங்க. அப்புறம் பேசறேன்," என்றான். போன் அறுந்தது.

சுகிர்தா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வெந்நீர் வருகிற ரூம்கூட உள்ளாள் இல்லாமல் எப்படித் தெரியும் என்று உத்திராபதி கேட்டது அவள் நெஞ்சில் கல்லாய் விழுந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். திருஞானசம்பந்தம் வந்து நின்றார். மகனோடு பேச்சை நிறுத்தினவர், இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கையை நீட்டினார்.

"குடும்மா, நான் அவன்கிட்ட பேசுறேன்."

"வச்சிட்டாம்பா. லாட்ஜுல கூட்டம்."

நீட்டின கையை அவர் மடக்கிக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார்.

"நான் விட்டுக்குடுத்ததைச் சொன்னியா? கேட்டுட்டு அவன் என்ன சொன்னான்?"

சுகிர்தா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் போனைப் பார்த்தாள்.

"அழுதுட்டாம்பா," என்றாள்.

"அழுதானா," என்றார் அவர். உள்ளே திரும்பி, அவனுக்கும் சேர்த்து உலை வை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனார்.